இரண்டு போதாத புள்ளி

கனியின் உள்ளங்கைக்குள் சாக்பீஸ் வியர்த்து மாவாகிக்கொண்டிருந்தது. பிடியை விட்டால் கீழே விழும், இறுக்கினால் இன்னும் கரையும், பையில் போடலாமென்றால் இந்தச் சுடிதாரில் பை கிடையாது. ஆக, அதைப் பிடித்துக்கொண்டே மெஹர் அக்கா பேசுவதைக் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். கேட்கவில்லை. மெஹர் அக்கா முடிவிலியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், இரண்டு இணைகோடுகள் போய்ப் போய் அங்கே சந்திக்கும் என்று, ஒரு கோவையை இரண்டால் பெருக்கினாலும் நூறால் பெருக்கினாலும் நமக்கு அது அதே புள்ளிதான், அளவு கணக்கில்லை, திசைதான் கணக்கு என்று. முதல் நாளே சொன்னதுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் கண் சொருகும் என்பதால் அக்கா பழையதைத் திருப்பிச் சொல்லித்தான் ஆரம்பிப்பார், அது முடிந்ததும் சாக்பீஸ் வைத்திருப்பவர் எழுந்து போக வேண்டும். இந்தக் கணக்கு முகாமின் வழக்கம் அது. போர்டில் ஒருத்தர் போடுகிற கணக்கில் ஓட்டை தெரிந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து கத்தக் கூடாது, எழுந்து போய்க் கை நீட்ட வேண்டும், போர்டில் நிற்பவர் மறுபேச்சு இல்லாமல் சாக்பீஸைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட வேண்டும். வகுப்பு முடியும்போது அது யார் கையிலோ அவர் அதை அறைக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்து மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். நேற்று அது கனியின் கையில் வந்தது. கனி வாங்கியது, ஊரிலிருந்து கூட வந்த முப்பிடாதியின் கையிலிருந்து. அந்த முப்பிடாதி இப்போது முன் பெஞ்சில் இவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள், எண்ணெய் வைத்துப் பின்னிய ஒற்றைச் சடை, அதன் நுனியில் கறுப்பு ரப்பர் பேண்ட், மெஹர் அக்கா சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டுகிறாள். அவளுடைய பை காலையிலேயே கட்டிலின் மேல் ஜிப் போட்டுத் தயாராக இருந்தது. சாயங்காலம் செங்கோட்டை ரயில். முகாம் முடிய இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் அவள் போகிறாள். வார்டனிடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறாள். அவள் அம்மாவுக்கு உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

கணக்கு என்னவோ சின்னதுதான். அதுதான் எரிச்சல். பெரிய கணக்கில் தப்புவிட்டால் ஒரு மரியாதையாவது இருக்கும். ஒரு வளைந்த கம்பியை நினைத்துக்கொள், ஸ்பிரிங்கை இழுத்துவிட்ட மாதிரி முறுக்கிக்கொண்டு போகிற கம்பி. அந்தக் கம்பியின் மேல் இருக்கிற புள்ளிகள் எல்லாம் முப்படிகள், x³, (x+y)³, அந்த மாதிரி ஒற்றை ஆளாக நிற்பவை. கம்பிக்கு வெளியே, காற்றில், மற்ற எல்லாக் கோவைகளும் இருக்கின்றன. காற்றில் இருக்கிற ஒரு புள்ளியை எடு. கம்பியிலிருந்து எத்தனை பேரைக் கூட்டிச் சேர்த்தால் அந்தப் புள்ளி கிடைக்கும்? கம்பியின் இரண்டு இடத்தைத் தொடுகிற மாதிரி ஒரு ஈர்க்குச்சியை வைத்து, அது உன் புள்ளி வழியாகப் போனால், இரண்டு பேர் போதும். அப்படி எந்தக் குச்சியும் போகாவிட்டால் மூன்று பேர் வேண்டும். குறைந்தபட்சம் எத்தனை பேர் என்கிற அந்த எண்ணுக்குப் பெயர் ரேங்க். பள்ளிக்கூடத்து ரேங்க் இல்லை, அதில் கனிதான் எப்போதும் முதல், முப்பிடாதி இரண்டாவது, புளியங்குடியில் அதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை, அவர்கள் இரண்டு பேரும் கூட. நேற்றுக் கணக்கு x²y. அதற்கு இரண்டு போதுமா, மூன்று வேண்டுமா. முப்பிடாதி போர்டுக்குப் போய் மூன்று வேண்டும் என்றாள். ஒரு கம்பி வரைந்தாள், அதில் இரண்டு புள்ளி வைத்து, எல்லாரும் P, Q என்று போடுகிற இடத்தில் அ, ஆ என்று பெயர் போட்டாள், இரண்டு போதும்னு வெச்சுக்கிடுவோம், அப்போ இந்தப் பக்கம் x²y, அந்தப் பக்கம் அ முப்படி கூட்டல் ஆ முப்படி, இப்போ இதை உடைச்சா, என்றாள். உடைச்சா. அந்த இடத்தில்தான் கனி எழுந்து போய்க் கையை நீட்டினாள்.

அதற்கு முன்னால் தாரிணி சிரித்தாள். இதைத் தாண்டிப் போக முடியவில்லை, எந்தப் பக்கமிருந்து நினைத்தாலும் இங்கே வந்து இடிக்கிறது. தாரிணி கெட்ட பெண் இல்லை, அதுவும் ஒரு தொல்லை, கெட்டவளாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். பக்கத்து சீட், அண்ணா நகர், முதல் நாள் கனிக்குத் தன் ஹெட்போனைக் கொடுத்தவள், கேன்டீனில் எந்தச் சட்னி நல்ல சட்னி என்று சொல்லிக்கொடுத்தவள். பெயர் கேட்டபோது ஜெபக்கனி என்று சொல்ல வந்த கனி ஜெபா என்று சொன்னாள். அது ஏன் என்று இன்று வரை தெரியவில்லை, வாய் தானாகச் சொன்னது, இதோ இந்த அறையில் அவள் ஜெபா. முப்பிடாதி மட்டும் கனி என்பாள். முப்பிடாதியிடம் பெயர் கேட்டபோது அவள் முழுசாகச் சொன்னாள், திருப்பிக் கேட்டார்கள், திருப்பிச் சொன்னாள், எங்க ஊர்ச் சாமி பேரு என்றாள். இரண்டாம் நாளே அவள் முப்பி ஆனாள், எல்லாரும் க்யூப் என்று சொல்கிற இடத்தில் அவள் முப்படி என்று சொன்னதிலிருந்து சில பேருக்கு முப்படி முப்பி ஆனாள். முப்பிடாதி அதற்கும் சிரித்தாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கனியும் அவளை முப்பி என்று கூப்பிட்டாள். எல்லாரும் கேட்கும்படி, சாப்பாட்டு வரிசையில், முப்பி தட்டு எடு என்று. முப்பிடாதி திரும்பி ஒரு நொடி பார்த்துவிட்டுத் தட்டை எடுத்தாள். அவ்வளவுதான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். இப்போது இவள் மூன்றாவது வரிசையில் தாரிணி பக்கத்தில், அவள் முன் பெஞ்சில் தனியாக, இதுவும் யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, முதல் நாள் கனி உட்கார்ந்த இடத்தில் இன்னொரு ஆள் உட்கார இடமில்லை, அவ்வளவுதான், எல்லாம் அவ்வளவுதான். நேற்று முப்பிடாதி இப்போ இதை உடைச்சா என்றபோது தாரிணி மெதுவாக, தேங்காயா, என்றாள். கனிக்கும் சிரிப்பு வந்தது. வந்துவிட்டது. சத்தமாக இல்லை, மூக்கு வழியாக ஒரு காற்று. போர்டில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்தது தாரிணியை இல்லை. அந்தப் பார்வையை இன்னொரு நொடி தாங்க முடியாது என்றுதான் கனி எழுந்தாளோ? அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். அப்படிச் சொன்னால் கொஞ்சம் நல்லவள் மாதிரி இருக்கும். உண்மை அது இல்லை. அந்த அறையில் இருக்கிற எல்லாரும் இரண்டு பேரையும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே மாதிரி என்று பார்த்துவிடுவார்களோ என்று பயம். உடைச்சா என்று சொல்கிற வாயும் என் வாயும் ஒன்று என்று தெரிந்துவிடுமோ என்று பயம். அதற்குத்தான் எழுந்தாள்.

எழுந்து போய் அழகாகச் செய்தாள். முப்பிடாதி எழுதியதை டஸ்டரால் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் அழித்தாள், ஆ கொஞ்சம் அழியாமல் இருந்ததை விரலால் தேய்த்தாள். x-க்குப் பக்கத்தில் கொஞ்சூண்டு தள்ளி இன்னொரு ஆள், x கூட்டல் ty. இவனோட முப்படியிலிருந்து x முப்படியைக் கழி, t-யால் வகு. t எவ்வளவு சின்னதாக ஆகிறதோ அவ்வளவுக்கு அது x²y-யை நெருங்கும், மூன்றால் பெருக்கினது, அது கணக்கில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கூட்டணியில் இரண்டே பேர். இரண்டு, இரண்டு, இரண்டு என்று வந்துகொண்டே இருந்தால் கடைசியிலும் இரண்டுதான். இங்கிலீஷில் சொன்னாள். கற்றுக்கொண்ட பத்து நாள் இங்கிலீஷ், தாரிணி மாதிரியே தோளைக் குலுக்கி. கைதட்டினார்கள். போன் பேச வெளியே போயிருந்த மெஹர் அக்கா கைதட்டலுக்குத்தான் உள்ளே வந்தார், பெல் அடித்துவிட்டது, எனக்காக நாளைக்கு இன்னொரு தடவை போடு ஜெபா என்றார். கனி முன் பெஞ்சைப் பார்த்து, புரிஞ்சுதா முப்பி, என்று கேட்டாள். அதையும் கேட்டாள். கேட்கத் தேவையே இல்லை. முப்பிடாதி தலையாட்டினாள். சாயங்காலம் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பார்த்தபோது அவளே வந்து சொன்னாள், நீ சொன்னது சரிதான் கனி, நாந்தான் அவசரப்பட்டுட்டேன், இதெல்லாம் நமக்குச் சரிப்படாது, சங்கரன்கோவில்ல பி.காம். கெடைக்கும், போயிருதேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். பாட்டில் நிறைகிற வரை குழாயையே பார்த்தாள். அவள் போன பிறகுதான் கனிக்கு உறைத்தது, அவள் ட்டி போடவில்லை. என்னட்டி, வாட்டி, போட்டி என்று ஏழு வருஷமாக வாய்க்கு வாய் வந்த அது இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி கனி என்றாள். இன்று காலையிலும் அதேதான், குளிச்சாச்சா கனி, தண்ணி இருக்கு.

அவள் சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. சண்டை இல்லை, அவள் நம்பிவிட்டாள். அதுதான். தன்னுடையது தப்பு, கனியுடையது சரி என்று நிஜமாகவே நம்பி, அதனால்தான் போகிறாள். கனியுடையது தப்பு என்று இந்த உலகத்தில் இப்போதைக்குத் தெரிந்தது கனிக்கு மட்டும்தான். காலையில் ஈரத் துணி காயப்போட ஜன்னலுக்குப் போனாள். ஜன்னல் கம்பியில் அது கிடந்தது. முதல் வாரம் இரண்டு பேரும் துணி மாட்டுகிற கம்பி ஹேங்கரை நிமிர்த்தி, முறுக்கி, வளைத்துச் செய்த அந்த வளைகோடு, ஒரு நாள் முழுக்க விளக்குமாற்று ஈர்க்கு வைத்து வைத்து விளையாடினார்கள், தரையெல்லாம் ஈர்க்கு என்று வார்டனிடம் திட்டு வாங்கினார்கள். முப்பிடாதி பையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தாள், இதை விட்டுவிட்டாள். கனி சும்மா ஒரு ஈர்க்கை எடுத்துக் கம்பியின் இரண்டு இடத்தைத் தொடுகிற மாதிரி வைத்தாள். ஒரு முனையை நகர்த்தி நகர்த்தி இன்னொன்றின் பக்கத்தில் கொண்டுவந்தாள். t சின்னதாகிறது, இன்னும், இன்னும். கடைசியில் ஈர்க்கு நின்றது, ஒரே இடத்தைத் தொட்டுக்கொண்டு. ஒரே இடம். இரண்டாவது ஆளைக் காணோம். அவன் வந்து வந்து முதல் ஆள் மேலேயே ஏறி நின்றுவிட்டான், இரண்டும் ஒன்றாகிவிட்டது, ஒன்றிலிருந்து அதையே கழித்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. குச்சி அந்தத் திசையில் நிற்கிறது, தொடுகோடாக, அதன் மேல் x²y ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அதைத் தாங்க இரண்டு பேர் இல்லை. நெருங்கிக்கொண்டே வருவது வேறு, அங்கே வந்து நிற்பது வேறு. ஈரச் சுடிதார் சொட்டிச் சொட்டிக் கால் நனைந்தது. முதலில் வந்தது வெட்கம் இல்லை. முதலில் வந்தது, மெஹர் அக்கா கண்டுபிடிச்சிருவாங்களே. அப்படி ஒரு பிறவி. தோழி பையைக் கட்டி வைத்திருக்கிறாள், இவளுக்கு அது பிறகுதான் ஞாபகம் வருகிறது.

போர்டில் மெஹர் அக்கா தண்டவாளம் வரைந்துகொண்டிருந்தார். தூரத்தில் ஒன்று சேர்கிற தண்டவாளம். நிஜத்தில் சேராது என்றார், நம் கண்ணுக்குச் சேரும், நாம் அந்தச் சேர்கிற இடத்தையும் ஒரு புள்ளியாகச் சேர்த்துக்கொள்கிறோம். தண்டவாளம் என்றதும் கனிக்கு ரயில் ஞாபகம். சாயங்காலம் அந்த ரயிலில் ஜன்னலோரம் கிடைக்குமா முப்பிடாதிக்கு, முன்பதிவு இல்லை, அவள் கதவோரம் பையின் மேல் உட்கார்ந்துதான் போவாள், விருதுநகர் வரைக்கும் இடம் கிடைக்காது. வரும்போது இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஒரு பெர்த்தில்தான் வந்தார்கள், கால்மாடு தலைமாடாக, முப்பிடாதி முழு ராத்திரியும் சன்னல் பக்கம் தலை வைத்துக்கொள் என்று இவளுக்கு விட்டுக்கொடுத்தாள். சொல்லிவிடலாம். இப்போதே எழுந்து, அக்கா, நேற்று நான் சொன்னது தப்பு. எவ்வளவு நேரம் ஆகும், ஒரு வரி. சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாள், யோசித்தவுடன் அதுவும் கெட்டுப்போனது. மெஹர் அக்காவுக்குப் பிடிக்கும். தன் தப்பைத் தானே கண்டுபிடித்தாள் பாருங்கள், கணக்குக்கு இதுதான் முக்கியம் என்பார். தாரிணி கையைப் பிடித்துக்கொண்டு, ஸோ பிரேவ் ஜெபா என்பாள். கைதட்டுவார்கள், நேற்றைவிட ஜாஸ்தி. நேற்று கணக்குக்குக் கைதட்டல், இன்று நேர்மைக்குக் கைதட்டல், இரண்டும் இவளுக்கே. முப்பிடாதி முன் பெஞ்சில் உட்கார்ந்து அதற்கும் கைதட்டுவாள். சே. திருடினதைத் திருப்பிக் கொடுத்துப் பரிசு வாங்குகிற மாதிரி. அப்போ சொல்லாமல் இருந்துவிடலாமா, அதே தப்பை அப்படியே எழுதினால்? மெஹர் அக்கா பிடித்துக்கொள்வார், கை நீட்டுவார், சாக்பீஸைக் கொடுத்துவிட்டு வந்து உட்காரலாம், அது ஒரு தண்டனை, சரிதான். ஆனால் அதிலும் முப்பிடாதி இல்லை. தப்பைக் கண்டுபிடித்தது மெஹர் அக்கா என்று ஆகும். எப்படிச் சுற்றினாலும் அவள் பெயர் எங்கேயும் வருவதில்லை, நேற்று டஸ்டரால் இழுத்தது அப்படி ஒரு இழுப்பு.

இன்னொன்று இருந்தது, அதை அவள் காலையிலிருந்து தொடவில்லை, நாக்கு சொத்தைப் பல்லைச் சுற்றிப் போகிற மாதிரி சுற்றிக்கொண்டே போனாள். முப்பிடாதிக்கு ஒரு கணக்கு பிடிபட்டுவிட்டால் முகம் ஒரு மாதிரி ஆகும். மேல் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள், இடது கால் கட்டைவிரலால் வலது காலைத் தேய்ப்பாள். ஒன்பதாம் வகுப்பில் காரணிப்படுத்துதல் நடத்தும்போது முதல் தடவை பார்த்தது, அப்போதிருந்து பப்ளிக் எக்ஸாம் ஹாலில் கூட இரண்டு வரிசை தள்ளியிருந்து அந்தக் காலைப் பார்த்தால் போதும், கடைசிக் கணக்கு அவளுக்கு வந்துவிட்டது என்று கனிக்குத் தெரியும். நேற்று போர்டின் முன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். இதை உடைச்சா என்று சொல்லும்போது உதடு உள்ளே இருந்தது. கனி பார்த்தாள். எழுந்து மூன்றாவது வரிசையிலிருந்து முன்னால் நடந்து போகிற அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டேதான் போனாள். அவளிடம் விடை இருக்கிறது என்று தெரிந்துதான் போனாள். அது என்ன என்று தெரியாது, அது வெளியே வருவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்லலாம், எல்லாரும் விடுகிற தப்புதான் என்று மெஹர் அக்காவும் சொல்வார். கணக்கில் விட்டது தப்பு. இது தப்பு இல்லை. இதற்கு வேறு பெயர். காது மடல் சூடாகிக் கழுத்து வரைக்கும் இறங்கியது, மின்விசிறிக் காற்று அதன் மேல் பட்டபோது ஜுரம் வந்த மாதிரி இருந்தது. தாரிணி குனிந்து, ஆர் யூ ஓகே என்றாள். கனி தலையாட்டினாள். தலையாட்டுவது எவ்வளவு சுலபம், எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

மெஹர் அக்கா தண்டவாளத்தை அழித்துவிட்டு, ஜெபா வா என்றார். எழுந்து நடந்தாள். காலில் யாருடைய பையோ தட்டியது. போர்டு ஈரத் துணியால் துடைத்துப் பச்சையாகக் கிடந்தது. x²y என்று எழுதினாள், சாக்பீஸ் ஊறிப்போயிருந்ததால் எழுத்து விழவில்லை, சுவரில் ஒரு தடவை தேய்த்துவிட்டுத் திருப்பி எழுதினாள். x கூட்டல் ty என்று ஆரம்பிக்க வேண்டும். கை அங்கே போகவில்லை. கை ஒரு கம்பி வரைந்தது, இடமிருந்து மேலே ஏறி, முறுக்கி, கீழே. அதில் ஒரு புள்ளி, பக்கத்தில் அ. இன்னொரு புள்ளி, ஆ. வரைய வரையத்தான் தெரிந்தது, நேற்று அழித்த போர்டு அவளுக்கு முழுசாக ஞாபகம் இருந்தது, எந்த எழுத்து சாய்ந்திருந்தது, சமக்குறி எவ்வளவு தள்ளி இருந்தது, எல்லாம். ஒரே இழுப்பில் அழித்தவளுக்கு இவ்வளவு ஞாபகம் எங்கே இருந்தது. இந்தப் பக்கம் x²y, அந்தப் பக்கம் அ முப்படி கூட்டல் ஆ முப்படி. அதற்குக் கீழே நேற்று ஒன்றும் இல்லை. கனியின் கை அங்கே நின்றது. காலையிலிருந்து அந்த இடத்திற்கு அப்புறம் என்ன என்று எவ்வளவோ தடவை முட்டிப் பார்த்தாள். ஈர்க்கு ஒரு இடத்தில்தான் தொட்டது என்பது தன்னுடைய வழி ஓட்டை என்றுதான் காட்டுகிறது, வேறு எங்கிருந்தாவது இரண்டு பேர் வந்து தாங்க முடியாது என்று காட்டவில்லை. அது முப்பிடாதியிடம்தான் இருந்தது.

மெஹர் அக்கா, இது நேற்று நீ போட்டது மாதிரி இல்லையே, எங்கிட்ட வேற என்னமோ சொன்னாங்க, என்றார். கனி திரும்பினாள். "இது நான் போட்டது இல்லக்கா. முப்பிடாதி போட்டது. இந்த வரியிலதான் நான் சாக்பீஸ வாங்கிட்டேன். என்னோடது தப்பு." கைதட்டுவார்கள் என்று பயந்தாளே, யாரும் தட்டவில்லை. யாருக்கும் புரியவில்லை. முழுப் பெயர் கேட்டு யாரோ பின்னால் முப்பியா என்று இன்னொருவரிடம் கேட்டார்கள். கனி முன் பெஞ்சைப் பார்த்துக் கையை நீட்டினாள், சாக்பீஸ் உள்ளங்கையில். இந்த முகாமில் வாங்கத்தான் கை நீட்டுவார்கள், கொடுக்கக் கை நீட்டி யாரும் பார்த்ததில்லை. முப்பிடாதி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு போர்டைப் பார்த்தாள், அ-வையும் ஆ-வையும். முகத்தில் ஒன்றும் இல்லை.

"எனக்கு மறந்துட்டு," என்றாள்.

பொய். முப்பிடாதிக்கு எதுவும் மறக்காது, ஏழாம் வகுப்பு மனப்பாடப் பகுதி இன்னும் ஒப்பிப்பாள். இது கனி சம்பாதித்தது, நேற்று ஒரே நாளில் சம்பாதித்தது, வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். கை நீட்டியபடியே இருந்தது, மடக்கிக்கொள்ள முடியவில்லை. சரி, அப்ப நாளைக்குப் பாக்கலாமா என்று மெஹர் அக்கா ஆரம்பித்தார். நாளைக்கு அவள் இருக்க மாட்டாள். நாளைக்கு அவள் சங்கரன்கோவிலில் இறங்கி பஸ்ஸுக்கு நிற்பாள். "உடைச்சான்னு சொன்னேல்லா," என்றாள் கனி. குரல் வேறு மாதிரி வந்தது, தாரிணி கேட்காத குரல், இந்த அறையில் யாருமே கேட்காத குரல். "உடைச்சா என்னட்டி? எனக்குத் தெரியல. காலையில இருந்து முட்டுதேன், வர மாட்டேங்கு. சொல்லுட்டி." பின்னால் சிரித்தார்கள், ஒருவரா இரண்டு பேரா தெரியவில்லை, மூக்கு வழியாக வருகிற காற்று, அது எப்படி வரும் என்று கனிக்கு நன்றாகத் தெரியும். காது எரிந்தது. எரியட்டும் என்று இருக்க முடியவில்லை, நிஜமாகவே எரிந்தது, ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. நின்றாள்.

முப்பிடாதி எழுந்து வந்தாள். கனியின் உள்ளங்கையிலிருந்து சாக்பீஸைத் தோல் படாமல் எடுத்தாள். முதல் வேலையாக ஆ-வை உள்ளங்கையால் அழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளி எழுதினாள், நேற்று அது அங்கேதான் இருந்தது, கனிக்கு அது ஒன்று மட்டும் தப்பாக ஞாபகம். செருப்பைக் கழற்றினாள். "அ முப்படி கூட்டல் ஆ முப்படி மூணு துண்டா உடையும்," என்றாள், போர்டைப் பார்த்து, கணக்கிடம் பேசுகிற மாதிரி. "அ கூட்டல் ஆ ஒண்ணு. மத்த ரெண்டுலயும் ஆ-வுக்கு முன்னால ஒண்ணோட முப்படி மூலம் வரும். அ-வும் ஆ-வும் வேற வேற ஆளா இருந்தா, மூணு துண்டும் வேற வேற. இந்தப் பக்கம் பாருங்க. x இன்டு x இன்டு y. ஒரே ஆளு ரெண்டு தடவ நிக்கான்." இரண்டு x-ஐயும் தட்டிக் காட்டினாள். "அ-வும் ஆ-வும் ஒரே ஆளுன்னா மூணுமே ஒரே ஆளு. அதுவும் இல்ல. அப்போ ரெண்டு பத்தாது." ஒரு வரி. அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்புக் காரணிப்படுத்துதல். கனி டஸ்டரை இழுத்த நேரத்திற்குள் சொல்லி முடித்திருக்கலாம், இன்னொரு மூச்சு பொறுத்திருந்தால் நேற்றே வந்திருக்கும். மெஹர் அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த மூணாவது ஆளு யாருன்னு தெரியுமா என்று கேட்டார். முப்பிடாதி அதையும் எழுதினாள், x கூட்டல் y-யின் முப்படி, கழித்தல் x கழித்தல் y-யின் முப்படி, கழித்தல் இரண்டு y முப்படி, மிஞ்சுவது ஆறு x²y. அதுவும் தெரிந்திருந்தது. முழுசும் நேற்றே தெரிந்திருந்தது.

சாக்பீஸ் போனவர் போய் உட்கார வேண்டும், அதுதான் வழக்கம். மூன்றாவது வரிசைக்குப் போக முப்பிடாதிக்கும் போர்டுக்கும் குறுக்கே நடக்க வேண்டும், கனியால் அது முடியவில்லை, கால் பக்கத்தில் இருந்த முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். பெஞ்ச் சூடாக இருந்தது. ஜியாமெட்ரி பாக்ஸ் மூடி திறந்து கிடந்தது, ரயிலுக்குச் சில்லறை நோட்டுகளை மடித்து வைத்திருந்தாள் முப்பிடாதி அதில். மெஹர் அக்கா யார் யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், தாரிணி ஏதோ கேட்டாள், அழகாகக் கேட்டாள், முப்பிடாதி தமிழிலேயே பதில் சொன்னாள், யாரும் சிரிக்கவில்லை, அல்லது சிரித்தார்கள், கனி போர்டில் இருந்த ஆ-வையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெல் அடித்தது. நாளைக்கு யார் ஆரம்பிக்கிறது, சாக்பீஸை அந்தத் தட்டில் வெச்சிருவியா, ஊருக்குப் போறேன்னு வார்டன் சொன்னாங்களே, என்றார் மெஹர் அக்கா. முப்பிடாதி தட்டைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் பெஞ்சுக்கு வந்து கனியின் முன்னால் நின்றாள். நெற்றியில் வியர்வை, உள்ளங்கை முழுக்க மாவு. இவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தை நேற்றிலிருந்து பார்க்கவில்லை. அதில் கோபம் இருந்தது, நல்ல தெளிவான கோபம்.

"எந்திரிட்டி. இது என் இடம்."

கனி எழுந்தாள். முப்பிடாதி உட்கார்ந்து, சில்லறையை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, சாக்பீஸை ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்து மூடினாள்.